மருதமுனைக் கொடியில் காய்ந்த டிஸ்குகள்

கல்யாணம் முடித்து இருபத்திரண்டாவது நாள் நான் சவூதிக்குப் போனேன். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது என் மனைவிக்கும் எனக்கும் இடையில் இருந்தவை அந்த இருபத்திரண்டு நாட்களும் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கடிதங்களும்தான். கடிதத்தில் நன்றாகக் கதைத்துக்கொண்டோம். நேரில் ஒருவரையொருவர் பார்த்தபோது இருவருக்கும் வாய் வரவில்லை.

நான் கல்முனைக்குடிக்காரன். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார். அவள் வீடு மருதமுனையில். மாமாவுக்கு நான்கு தறிகள் இருந்தன. விடியற்காலை சுபஹுத் தொழுது முடித்த கையோடு தறிச்சத்தம் தொடங்கிவிடும். வந்த முதல் வாரம் அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்கத் தேவையில்லாமல் இருந்தது எனக்கு ஒரு வகையில் வசதியாகவே பட்டது.

நான் வந்திறங்கிய அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். இரண்டு பைகளில் துணிமணி, பால்மா, வாசனைத் தைலம், ஒரு கசற் ரேடியோ. அவற்றை எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெரிய காட்போட் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நைலோன் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பெட்டி. டெலிவிஷன் என்று ஊருக்குள் செய்தி போயிருந்ததாம். மாமிதான் கயிற்றை அறுத்து மூடியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகக் கறுப்பு உறைகள். ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இதென்ன மருமகன், கரிஞ்ச பப்படமா?"

"இல்ல மாமி. ஃப்ளொப்பி டிஸ்க். கொம்பியூட்டருக்குப் போடுற."

"அப்ப கொம்பியூட்டர் எங்க?"

"அது கொண்டு வரல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் மனைவி மட்டும் வாசல் திரைக்குப் பின்னால் நின்று முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளைப் பற்றி நேரில் நான் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அது.

அந்தப் பெட்டியில் இருநூற்று நாற்பது டிஸ்குகள் இருந்தன. நான் வேலை செய்த கட்டடக் கம்பனியின் ஒபிசில் பழைய கொம்பியூட்டர்களைத் தூக்கிவிட்டுப் புதிய இனம் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதற்கு இந்த டிஸ்குகள் பொருந்தாது. தொழிலாளிகளின் லீவு, வருகை, பயணம் எல்லாவற்றையும் பெரும்பாலும் நானே அந்தப் பழைய மெஷினில் அடித்து இவற்றில் பதிந்து வைத்திருந்தேன். புதிய மெஷினுக்குத் தேவையானதைக் கடதாசியில் எடுத்துக்கொண்ட பிறகு மேலதிகாரி பெட்டியைக் காட்டி, "எரித்துவிடு, இல்லாவிட்டால் அழித்துவிட்டு நீயே கொண்டு போ" என்றார். எரிக்க எனக்கு மனம் வரவில்லை.

மனம் வராததற்கு ஒரு காரணம் பாண்டிருப்பில் இருந்தான். உயர்தர வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்து படித்தவன். அப்போது கணித ஆசிரியர். கொழும்பிலிருந்து ஒரு பழைய கொம்பியூட்டரை வாங்கிக் கல்முனைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே அறை எடுத்து வைத்திருந்தான். வகுப்புத் தொடங்கப் போகிறேன், ஆனால் கையில் டிஸ்க் எட்டுத்தான் இருக்கிறது, புதிதாக வாங்கப் போனால் கட்டுப்படியாகாது என்று எழுதியிருந்தான். நான் பெருமையோடு பதில் போட்டேன்: கவலைப்படாதே, வகுப்புக்கே போதுமான டிஸ்க் என்னோடு வருகிறது. அதை நம்பி அவன் துண்டுப் பிரசுரம் அடித்துவிட்டான். ஒவ்வொரு மாணவருக்கும் தனி டிஸ்க் வழங்கப்படும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தான்.

வந்த நான்காம் நாள் பத்து டிஸ்கை ஒரு பையில் போட்டுச் சைக்கிளில் கல்முனைக்குப் போனேன். அவன் என்னைக் கட்டிப் பிடித்தான். பிறகு ஒரு டிஸ்கை உருவி மெஷினுக்குள் தள்ளினான். மெஷின் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டது. டக் டக் என்று தேடியது. திரையில், வாசிக்க முடியவில்லை, கைவிடவா, திரும்ப முயலவா என்று கேட்டது. அவன் திரும்ப முயன்றான். பத்து டிஸ்கையும் முயன்றான். பத்துக்கும் அதே கேள்விதான்.

"மச்சான், உன்ட டிஸ்க் அரபு மட்டுந்தான் கதைக்குமா?"

என் முகம் விழுந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நானும் இதை எதிர்பார்க்கவில்லை. டிஸ்க் என்றால் எங்கும் ஒரே டிஸ்க்தானே என்று நினைத்திருந்தேன். நான் தட்டெழுதத் தெரிந்தவன். மெஷினின் வயிறு தெரிந்தவனல்ல. அவன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிற அதே குரலில் எனக்கு விளக்கினான். அவனுக்குச் சவளக்கடைப் பக்கம் வயல் இருந்ததால் விளக்கமும் வயலிலிருந்தே வந்தது.

"காணி ஒண்டுதான் மச்சான். உன்ட கம்பனி மெஷின் அதுக்குள்ள தன்ட பாட்டுக்கு வரம்பு கட்டி வச்சிருக்கு. என்ட மெஷினுக்கு வாய்க்கால் எங்க, வரம்பு எங்க எண்டு தெரியல்ல. முழு வரம்பையும் வெட்டிச் சமப்படுத்திட்டுப் புதுசாக் கட்டினாச் சரி. அதுதான் ஃபோர்மட்."

"உள்ள கிடக்கிறது?"

"அது போயிரும். தேவையா?"

"இல்ல" என்றேன். தேவையில்லைதான்.

அவன் கட்டளையை அடித்தான். டிஸ்க் சுழன்றது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று ஓர் எண்ணைக் காட்டி, இன்னொன்றும் செய்யவா என்று மெஷின் கேட்டது. அந்த டிஸ்கின் ஓரத்தில் என் கையெழுத்தில் மூன்று மாதங்களின் பெயர் இருந்தது. எண்பது, நூறு பேருடைய லீவு விண்ணப்பங்கள் அதில் கிடந்தன. அந்த மூன்று மாதமும் குளிர்சாதனம் வேலை செய்யாத ஒரு தகரக் கூட்டுக்குள் இருந்து அடித்தவை. அது போய்விட்டது என்றதும் துக்கம் ஏதும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கனமான மூட்டையை முதுகிலிருந்து இறக்கி வைத்ததும் தோள் தானாக ஒருமுறை மேலே எழும்புமே, அப்படித்தான் இருந்தது.

பத்தில் ஏழு சரி வந்தது. மூன்று எத்தனை முறை செய்தும் முடியாது என்றே சொன்னது. காரணம் விளங்கவில்லை. அவற்றைத் தனியே கட்டி என் பையில் போட்டுக்கொண்டேன். மீதி இருநூற்று முப்பதையும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்த ஆண்டு மாரி முந்திவிட்டது. நான் பெட்டியைச் சாயத் தொட்டிக்குப் பக்கத்து அறையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தேன். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் மழை கொஞ்சம் விட்டதும் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கட்டு டிஸ்கை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கல்முனைக்குப் போனேன். முதல் டிஸ்கைப் போட்டதும் மெஷின் கிறீச்சென்று கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை அது அதுவரை போட்டதில்லை. இழுத்து எடுத்துப் பார்த்தால், உறையின் நடுவிலுள்ள திறப்பு வழியாக உள்ளே பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சணம். அதற்குப் பிறகு நல்ல டிஸ்கைப் போட்டாலும் மெஷின் வாசிக்கவில்லை. வாசிக்கும் முனையில் அழுக்கு அப்பிவிட்டது.

நண்பன் கதிரையை விட்டு எழும்பி யன்னலடியில் போய் நின்றான்.

"பார்த்துப் போட்டிருக்கலாமே மச்சான்."

"நான் பாக்கல்ல."

"கொழும்புக்கு அனுப்பினா ஒரு மாசம் போகும். இருபத்திரண்டு பேர் வகுப்புக்குப் பேர் குடுத்திருக்காங்க. அதுகளுக்கு நான் என்ன சொல்ற? சவூதிக் குப்பையால மெஷின் உடைஞ்சி போச்செண்டா?"

குப்பை என்ற சொல் எனக்குச் சுட்டது. படியிறங்கிச் சைக்கிளை எடுத்தேன். பாண்டிருப்பைத் தாண்டும்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எங்கும் ஒதுங்காமல் மிதித்தேன்.

வீட்டில் உடுப்பை மாற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். மனைவி துவாயைத் தந்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"என்னங்க, முகம் கறுத்துக் கிடக்கு?"

சொன்னேன். மூன்று வருடக் கடிதங்களில் சொல்லாத அளவுக்கு ஒரே மூச்சில் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பூஞ்சண டிஸ்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது தண்ணி பட்டாப் பழுதாகுமா?"

"தெரியா."

"உள்ள இரிக்கிற பொருள் என்ன? கடதாசியா?"

"பிளாஸ்டிக். மேல ஒரு பூச்சு இரிக்கி."

"சாயம் புடிச்ச நூல் மாதிரிதானே. பூச்சு இறுக்கமா இரிந்தா கழுவலாம். எப்பிடியும் இது பழுதாப் போனதுதான். ஒண்ட வெட்டிப் பாப்பமா?"

நான் தலையாட்டினேன். அவள் தறிக்காரரின் பிளேட்டை எடுத்து வந்து உறையின் மேல் ஓரத்தை மெல்லக் கீறினாள். உள்ளேயிருந்து கபில நிறத்தில் ஒரு மெல்லிய வட்டம் வழுக்கிக்கொண்டு வந்தது. நடுவில் பெரிய துளை. இத்தனை காலம் டிஸ்கோடு கிடந்த நான் அதன் உடம்பைப் பார்த்தது அன்றுதான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும். அதனால் அவள் கூரைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த வாளியை எடுத்தாள். குழந்தைச் சவர்க்காரத்தைக் கரைத்து, இரண்டு விரல் நுனியால் துடைத்து, மூன்று தண்ணீரில் அலசினாள். விரல் ரேகை படாமல் ஓரத்தில் மட்டும் பிடித்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நூலை அழுக்காக்காமல் கையாண்டு பழகிய கை அது. பிறகு சாயம் போட்ட நூல் காயப்போடும் கூடத்துக்குப் போய், ஒரு மெல்லிய மூங்கிலை நடுத்துளையால் கோர்த்துத் தொங்கவிட்டாள். நீலம், சிவப்பு நூல் கற்றைகளுக்கு நடுவில் அந்த ஒற்றை வட்டம் காற்றில் மெல்ல ஆடியது.

மறுநாள் காலை நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று கல்முனை அறைக்குப் போனேன். நண்பன் எனக்கு முன்னரே வந்திருந்தான். மெஷினின் மூடி கழன்று கிடந்தது. ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி, பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டில் நனைத்து, வாசிக்கும் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நேத்து கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன் மச்சான்" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"குப்பைதான். ஆனாக் கழுவுற குப்பை" என்று சொல்லி, என் பையிலிருந்து அந்தக் காய்ந்த வட்டத்தை எடுத்துக் காட்டினேன். வேறொரு உறையை வெட்டி அதற்குள் அதைப் புகுத்தியிருந்தோம். அவன் டோர்ச் அடித்து இரு பக்கமும் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தான். மெஷினை மூடி, நல்ல டிஸ்க் ஒன்றைப் போட்டு வாசிக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டான். பிறகு கழுவியதைப் போட்டு ஃபோர்மட் கட்டளையை அடித்தான். சத்தம் ஒழுங்காக வந்தது. முடிந்தது என்று திரை சொன்னதும் அவன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"ஆர் கழுவின?"

"என்ட வீட்டுக்காரி."

"அவங்கள வரச் சொல்லு" என்றான்.

அதற்கு முன்னால் வீட்டில் வேலை இருந்தது. பெட்டி முழுவதையும் கூடத்தில் பரப்பினோம். பூஞ்சணம் பிடித்தது ஒரு பக்கம், பிடிக்காதது ஒரு பக்கம். பிடித்தது ஐம்பதுக்கு மேல். அவற்றைக் கழுவலாம், ஆனால் பழைய உறைக்குள் திரும்பப் போட முடியாது, உறையின் உட்சீலையிலும் பூஞ்சணம் இருக்கும். ஐம்பது நல்ல உறைக்கு எங்கே போவது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு டிஸ்காக எடுத்து நடுத்துளைக்குள் விரலை விட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சப் பாருங்க. உறையில ஒரு சின்ன ஓட்டை இரிக்கில்லியா? சுத்தினா உள் வட்டத்துலயும் ஒரு ஓட்டை வந்து போகுது."

"ஓம். அதப் பாத்துத்தான் மெஷின் தொடக்கம் எது எண்டு கண்டுபுடிக்கிற."

"இதுல ஒண்டுதான் வருது. ஆனா இந்த மத்ததச் சுத்தினா வந்துக்கிட்டே இரிக்கி. எண்ணினன். பத்துக்கு மேல."

வாங்கிச் சுழற்றினேன். அவள் சொன்னது சரி. உடனே முன்பு சரிவராத அந்த மூன்று டிஸ்கையும் தேடி எடுத்துச் சுழற்றினேன். மூன்றிலும் அப்படியே பல துளைகள். அவை எங்கள் ஒபிசில் இன்னும் பழைய ஒரு மெஷினுக்குப் பாவித்தவை. நண்பனின் மெஷினுக்கு ஒரே ஒரு துளைதான் விளங்கும். பத்துத் துளை வந்தால் எது தொடக்கம் என்று தெரியாமல் திணறிப் போகும். நானும் ஒரு கணித ஆசிரியரும் ஒரு வாரமாகக் கண்டுபிடிக்காததை அவள் விரலால் கண்டுபிடித்திருந்தாள்.

அப்படிப் பல துளை உள்ளவை அறுபது தேறின. அவற்றை என்ன செய்தும் பாவிக்க முடியாது. ஆனால் அவற்றின் உறைகள் சுத்தமாக இருந்தன. எல்லாம் ஒரே அளவு. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"உறை கிடைச்சிட்டு" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் மருதமுனை வீட்டில் நூலோடு நூலாக டிஸ்குகள் காய்ந்தன. அடுத்த வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, மருமகன் சவூதியில இருந்து கொண்டு வந்த வடாமா?" என்று கேட்டார். "ஓங்கா. பொரிச்சதும் தாறம்" என்றார் மாமி. பப்படம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். இப்போது வெளியாட்கள் சிரித்தால் அவருக்குப் பிடிக்கவில்லை.

வேறு இருபது டிஸ்குகளில் இன்னொரு பிரச்சினை இருந்தது. அவை கம்பனிக்கு வெளியிலிருந்து எழுதப்பட்டு வந்தவை. யாரும் மாற்றி எழுதக் கூடாது என்பதற்காக ஓரத்தில் வெட்டு இல்லாமல் செய்யப்பட்டவை. அந்த வெட்டு இல்லாவிட்டால் மெஷின் எழுத மறுத்துவிடும். நல்ல டிஸ்க் ஒன்றை அளவுக்கு மேலே வைத்துப் பென்சிலால் கீறி, சின்னக் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்ட வேண்டும். கொஞ்சம் உள்ளே போனால் வட்டம் வெட்டுப்பட்டுவிடும். நான் வெட்டிய இரண்டும் பழுதாயின. அவள் வெட்டிய பதினெட்டும் தப்பின.

எல்லாம் காய்ந்து உறைக்குள் போன பிறகு அவள் கல்முனைக்கு வந்தாள். தனியாக வரவில்லை. மாமியும் வந்தார். நெருங்கிய சொந்தமில்லாத ஆம்பிளை இருக்கும் அறைக்கு மகளை அனுப்ப அவருக்குக் கூச்சம். அதைவிட, அந்த மெஷினைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும். நண்பன் மாமிக்கு ஃபேனுக்குக் கீழே கதிரை போட்டு, கடையிலிருந்து சோடா வரவழைத்துக் கொடுத்தான். பாடசாலையில் பரீட்சை நடக்கிறது என்று சொல்லி, கட்டளையை மட்டும் காட்டித் தந்துவிட்டுப் போய்விட்டான். எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் போனான் என்று நினைக்கிறேன்.

அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் டிஸ்கை எடுத்துத் தருவேன். அவள் போட்டுக் கதவை மடக்கி விசையை அழுத்துவாள். ஒரு நிமிடம் சுழலும். முடிந்ததும் இன்னொன்று செய்யவா என்று கேட்கும். மாமி அதன் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"இன்னும் வேணுமா எண்டா கேக்குது? நல்ல மெஷின்தான். கல்யாண வீட்டுல சோறு போடுறவங்க மாதிரி."

அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அது விசித்திரமான நேரம். வேறு வேலை தொடங்கப் போதாது. சும்மா இருக்க நீளம். அந்த நிமிடங்களில்தான் நாங்கள் கதைத்தோம். அநேகமான டிஸ்குகளின் ஓரத்தில் என் கையெழுத்து இருந்ததால் அவள் அதை வாசித்துவிட்டுத்தான் போடுவாள்.

"இதுக்குள்ள என்ன இரிந்திச்சி?"

"மனிசர்ர லீவு. அந்த மாசம் கேரளத்துக்காரர் ஒருத்தர் அஞ்சி வரிசமா ஊருக்குப் போகாம இரிந்திட்டு அப்பதான் போனாரு. அவர்ர லீவுத் தாள நான்தான் அடிச்சன். கையெழுத்து வெச்சிட்டு என்ட கைய விடவே இல்ல."

"இதுல?"

"இதுல நான் லீவு கேட்டு அடிச்சதும் கிடக்கும். கிடைக்கல்ல."

அவள் அந்த டிஸ்கைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு உள்ளே தள்ளினாள். இப்படியே முப்பது, நாற்பது போயிருக்கும். மாமி ஃபேன் காற்றில் கண் மூடிவிட்டார். அடுத்த டிஸ்கின் மேல் என் கையெழுத்து இல்லை. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரின் எழுத்து. அவள் தேதியைப் பார்த்தாள்.

"இது நீங்க போன வரிசம்தானே. இது ஆரு எழுதின?"

டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தது. அது நிற்கும் முன் சொல்லிவிட வேண்டும் என்று ஏனோ தோன்றியது.

"நான் கடதாசில எழுதாத ஒண்டு இரிக்கி, புள்ள. முதல் எட்டு மாசம் எனக்கு ஒபிசில வேல இல்ல. வெளிய யார்டுலதான். சிமெந்து மூட்ட தூக்கின. தட்டெழுதத் தெரியுமெண்டு அவங்களுக்குத் தெரிய வந்த பொறகுதான் உள்ள எடுத்தாங்க."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்."

"ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. அந்த எட்டு மாசக் கடதாசில எழுத்து வேற. பேனைய இறுக்கிப் புடிக்க ஏலாத கை எழுதின எழுத்து. மடிப்புக்குள்ள சாம்பல் மாதிரித் தூள் இரிந்திச்சி. உம்மாக்குக் காட்டல்ல. தட்டிட்டு டின்னுக்குள்ள வெச்சன்."

"ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீங்க பொய் எழுத வேண்டி வரும். என்னத்துக்கு?"

மூன்று வருடம் மறைத்து வைத்ததாக நான் நினைத்திருந்ததை அவள் இங்கே இருந்துகொண்டே தெரிந்து வைத்திருக்கிறாள். தெரிந்தும், ஒபிஸ் வேலை எப்படி, குளிர்சாதனம் ஒத்துக்கொள்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுதிக் கேட்டிருக்கிறாள். அவள் கையைப் பார்த்தேன். சவர்க்காரத் தண்ணீரில் விரல் நுனிகள் இன்னும் வெளிறிப்போய் இருந்தன.

டிஸ்க் நின்றுவிட்டது. மாமி கண்ணைத் திறந்தார்.

"அங்க, நிண்டுட்டு. கேள்வி கேக்குதாக்கும். ஓம் எண்டு சொல்லு கிளி."

அவள் ஓம் என்று விசையை அழுத்தினாள். நான் அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று நாளில் முடித்தோம். நூற்று அறுபத்தெட்டு டிஸ்க் பாவிக்கக்கூடியதாக வந்தது. நண்பன் பட்டியலைப் பார்த்துவிட்டு இரண்டு முறை எண்ணினான். டிஸ்கைப் போட்டு வைக்கும் கடதாசிப் பைகள் பூஞ்சணத்தில் உக்கிப் போயிருந்ததால் அவள் தறியில் மிஞ்சிய, இடுப்பில் உடுக்கும் சாரத்துணியின் துண்டுகளை வெட்டி, டிஸ்க் ஒன்று போகும் அளவுக்குப் பை தைத்திருந்தாள். பச்சைக் கட்டம், ஊதாக் கட்டம், வெள்ளையில் கறுப்புக் கோடு. துணியில் பஞ்சு உதிரும், மெஷினுக்குக் கூடாது என்று நண்பன் தயங்கினான். அவள் துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பிடித்துக் காட்டினாள். அவன் ஒரு டிஸ்கை எடுத்து அதற்குள் போட்டான்.

வகுப்புத் தொடங்கிய அன்று இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். கோமாரியிலிருந்து ஒருவர் விடியப் பஸ் பிடித்து வந்திருந்தார். டிஸ்கைக் கொடுத்தபோது ஒவ்வொருவரும் அதை இரண்டு கையாலும் வாங்கினார்கள். ஒரே மெஷின், ஒருவருக்குக் கால் மணித்தியாலம். மீதி நேரம் பெஞ்சில் இருந்து அடுத்தவர் தோளுக்கு மேலால் பார்ப்பார்கள். சாரக்கட்டத்தைப் பார்த்தே இது யாருடைய டிஸ்க் என்று சொல்லும் அளவுக்கு நானும் பழகிவிட்டேன். தட்டெழுத்துப் பகுதியை நான் படிப்பித்தேன், மற்றதெல்லாம் நண்பன். சவூதிக்குத் திரும்பிப் போவதற்கு எனக்கு மூன்று மாதத் தவணை இருந்தது. ஒருநாள் மாமா, "விசா என்னாச்சி மருமகன்?" என்று கேட்டபோதுதான் கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். தவணை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மாமா தறிப் பக்கம் போய்விட்டார். வீட்டில் யாரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் கவலைப்படவில்லை.

பொம்பிளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் ஆறு பேர். இரண்டு பேர் காரைதீவு, ஒருத்தி பாண்டிருப்பு, மூன்று பேர் எங்கள் பக்கம். நண்பன் என்னைக் கேட்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து அவளிடமே கேட்டான்.

"சனிக்கிழமை காலையில உங்களுக்கு ஏலுமா? டிஸ்கப் பத்தி எங்க ரெண்டு பேரையும் விட உங்களுக்குத்தான் தெரியும்."

அவள் மாமியைப் பார்த்தாள். மாமி, "நானும் வாறன். அந்த ஃபேன் நல்லா இரிக்கி" என்றார்.

முதல் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. நான் வாசலில் நின்றிருந்தேன்; உள்ளே போய் ஏதாவது சொல்ல வேண்டுமோ என்று பார்த்தேன். தேவைப்படவில்லை. அவள் கைப்பையிலிருந்து பல துளை வட்டங்களில் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். ஆறு பேரும் கதிரைகளை அவளைச் சுற்றி இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருத்தி, இதைத் தண்ணீரில் கழுவலாமாமே, மெய்யா என்று கேட்டாள்.

"ஓம். ஆனா மழைத் தண்ணிதான் நல்லம். கிணத்துத் தண்ணில உப்புப் படியும். இஞ்ச, ஓரத்துல புடிங்க" என்று சொல்லி என் மனைவி வட்டத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

மாமி முந்தானையால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்து, எட்டுப் பேருக்கும் தேத்தண்ணி சொல்லும்படி சைகை காட்டினார். நான் படியிறங்கிப் போனேன்.